வாத்து மேய்த்த இளவரசியை மறுபடி வாசிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

சம்பா அறுத்து முடித்த மறுவாரமே எங்கள் ஊருக்கு வாத்து வந்துவிடும். உளுந்து தெளிக்காமல் விட்ட வயல்களில், அறுவடை இயந்திரம் சிந்திவிட்டுப் போன நெல்லைப் பொறுக்கியபடி, ஆயிரம் வாத்தும் ஒரே உடம்புபோலத் திரும்பும். ஒரு மாசி மாத மாலை, மன்னார்குடியிலிருந்து பாமணியாற்றங்கரை வழியாக வீட்டுக்கு வரும்போது வண்டியை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்லூரிக் காலத்தில் ஒரே இரவில் வாசித்து முடித்த நாவல் ஒன்று நினைவுக்கு வந்தது. ஷானன் ஹேல் எழுதிய ‘தி கூஸ் கேர்ள்’, 2003-இல் வந்த இளையோர் நாவல். வீட்டுக்கு வந்ததும் பரணில் தேடி எடுத்தேன். அன்றிலிருந்து மூன்று முறை வாசித்துவிட்டேன். மூன்றாம் முறை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகளுக்கு உரக்க வாசித்தது.

இந்த மூன்று வாசிப்பில் கற்றுக்கொண்ட முறையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். பழங்கதையை எடுத்து மறுபடி சொல்லும் எந்த மாயக்கதை நாவலுக்கும் இது பொருந்தும். சிண்டரெல்லாவாக இருக்கட்டும், உறங்கும் அழகியாக இருக்கட்டும், நீங்கள் கையில் வைத்திருக்கும் புத்தகத்தைப் போட்டுப் பாருங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட நாவலே ஒரு மறுவாசிப்புதான். எழுத்தாளர் சின்ன வயதில் கேட்ட கதைக்கு வளர்ந்தபின் திரும்பிப் போயிருக்கிறார். எங்கோ ஓரிடத்தில் கால் தட்டி நின்றிருக்கிறார். ‘இது எப்படி நடக்கும்?’ என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி வளர்ந்து முந்நூறு நானூறு பக்கம் ஆகியிருக்கிறது. ஆகவே நம்முடைய வேலை, அவர் கால் தட்டிய இடத்தைக் கண்டுபிடிப்பது. அதைத் தேடாமல் சும்மா இரண்டாம் முறை புரட்டினால், கதை தெரிந்துபோன சலிப்புதான் மிஞ்சும்.

நாவலை இன்னும் வாசிக்காதவர்கள் முதலில் அதை வாசித்துவிட்டு வாருங்கள். கதையின் உள்விவரங்களை நான் மறைக்கப்போவதில்லை.

முதல் படி: புத்தகத்தைத் திறக்காதீர்கள்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அந்த நாவலில் உங்களுக்கு நினைவிருப்பதை எல்லாம் எழுதுங்கள். பின்னட்டையைப் பார்க்கக் கூடாது, இணையத்திலும் தேடக் கூடாது. அரை மணி நேரம் போதும். வரிசை தேவையில்லை. பெயர் மறந்துவிட்டால் ‘அந்தப் பெண்’, ‘குதிரைக்காரன்’ என்று போட்டால் போதும்.

பலரும் தாண்டிவிடும் படி இதுதான். தாண்டவே கூடாத படியும் இதுதான். புத்தகத்தைத் திறந்த பத்தாவது நிமிடம் பழைய நினைவு கலைந்துவிடும், பிறகு அது திரும்பக் கிடைக்காது. என் தாளில் பதினோரு வரி வந்தது. கோட்டை வாசலில் மாட்டிய குதிரைத் தலை. காற்று ஒரு பையனின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போவது. மஞ்சள் முடி. கடிக்கிற வாத்துகள். ஐந்தாவது வரியில் ‘வேலைக்காரி கெட்டவள்’ என்று எழுதியிருந்தேன். அவள் பெயர்கூட எனக்கு நினைவில் இல்லை. இளவரசியின் அம்மாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இளவரசியோடு வாத்தும் ஆடும் மேய்த்த பிள்ளைகளைப் பற்றியும் ஒன்றுமில்லை.

தாளில் ஒரு தப்பும் இருந்தது. காற்றின் மொழியை அவளுக்கு அத்தை கற்றுக்கொடுத்தாள் என்று எழுதியிருந்தேன். திரும்ப வாசித்தபோது பார்த்தால், அத்தை கற்றுக்கொடுத்தது பறவைகளின் மொழியை. காற்றின் மொழியை அவள் தானாகத்தான் கற்கிறாள், அதுவும் அரண்மனையில் அல்ல, மேய்ச்சல் நிலத்தில், ஆளில்லாத தனிமையில். இந்தத் தப்பு எனக்குப் பெரிய உதவி செய்தது. கற்றுக்கொள்வது என்றால் யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று இருபது வயதில் நான் நம்பியிருக்கிறேன், அந்த நம்பிக்கையே கதையை மாற்றி எழுதிவிட்டது. உங்கள் தாளிலும் ஒரு தப்பு இருக்கும். அதைத் திருத்தாமல் அப்படியே விட்டு வையுங்கள்.

இரண்டாம் படி: பழங்கதைக்குப் போங்கள்

நாவலுக்கு முன்னால் அதன் வேரை வாசிக்க வேண்டும். ‘தி கூஸ் கேர்ளு’க்கு வேர், ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதை. அவர்களுடைய தொகுப்பின் இரண்டாம் பாகம் 1815-இல் வந்தது, இந்தக் கதை அதில் இருக்கிறது. பிற்காலப் பதிப்புகளில் இதற்கு 89-ஆம் எண். மார்கரெட் ஹன்ட் 1884-இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு, புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பத்து நிமிடத்தில் வாசித்துவிடலாம்.

கிரிம்களுக்கு இதைச் சொன்னவர் டோரோதேயா ஃபீமான். தையல்காரரின் மனைவி. அப்பா சத்திரம் நடத்தியவர், வருகிறவர் போகிறவர் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்திருக்கிறார். காசல் நகரத்துக்குக் காய்கறி விற்க வந்தவர், அப்படியே கதையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தெருவில் கீரைக்கூடையை இறக்கிவைத்து ஊர்க்கதை பேசிவிட்டு எழுந்து போகும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும்.

கதை இதுதான். வயதான ராணி தன் மகளைத் தூரதேசத்து இளவரசனுக்குக் கட்டிக்கொடுக்க அனுப்புகிறாள். துணைக்கு ஒரு பணிப்பெண், ஏறிப்போக ஃபலாதா என்னும் பேசும் குதிரை. தன் விரலைக் கீறி மூன்று சொட்டு ரத்தம் விட்ட துணியையும் காவலுக்குக் கொடுக்கிறாள். வழியில் தண்ணீர் குடிக்கக் குனியும்போது துணி ஓடையில் போய்விடுகிறது. காவல் போனது தெரிந்ததும் பணிப்பெண் இளவரசியின் உடையையும் குதிரையையும் பிடுங்கிக்கொள்கிறாள். நடந்ததை யாரிடமும் சொல்லக் கூடாது என்று வானத்தின்கீழ் சத்தியமும் வாங்கிவிடுகிறாள். போன இடத்தில் பணிப்பெண் மணப்பெண் ஆகிறாள், இளவரசி வாத்து மேய்க்கிறாள். உண்மையைச் சொல்லிவிடும் என்ற பயத்தில் பணிப்பெண் குதிரையைக் கொல்லச் சொல்கிறாள். வெட்டிய தலை வாசலில் ஆணியடித்து மாட்டப்படுகிறது. அது தினமும் இளவரசியோடு பேசுகிறது. கூட மேய்க்கும் பையன் அவளுடைய தங்கமுடியைப் பிடுங்க வரும்போதெல்லாம் அவள் ஒரு பாட்டுச் சொல்ல, காற்று அவன் தொப்பியைப் பறக்கடிக்கிறது. கிழட்டு அரசர் சந்தேகப்பட்டுக் கேட்கிறார். சத்தியத்தை மீறமாட்டேன் என்கிறாள் அவள். ‘அப்படியானால் இந்த இரும்பு அடுப்பிடம் சொல்’ என்கிறார். அவள் அடுப்புக்குள் புகுந்து அழுது சொல்ல, அவர் வெளியே புகைக்குழாய் வழியாகக் கேட்டுவிடுகிறார். கடைசியில் பணிப்பெண்ணிடமே, இப்படி ஒருத்தி செய்தால் என்ன தண்டனை கொடுக்கலாம் என்று கேட்கிறார்கள். ஆணியடித்த பீப்பாயில் போட்டு, சாகும்வரை குதிரைகளைக் கட்டி இழுக்க வேண்டும் என்று அவள் சொல்கிறாள். அவள் சொன்ன தண்டனையே அவளுக்குக் கிடைக்கிறது.

இதை இரண்டு முறை வாசியுங்கள். முதல் முறை மனதுக்குள், இரண்டாம் முறை வாய்விட்டு. வாய்விட்டு வாசிக்கும்போது நாக்கு இடறும் இடங்கள் இருக்கும். ஒரு தலை எப்படிப் பேசும்? காற்று ஏன் இவள் சொல் கேட்கிறது? பணிப்பெண்ணுக்கு இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது? பழங்கதை எதற்கும் பதில் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அதற்குக் கிடையாது. நாவலாசிரியரின் கால் தட்டுவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

மூன்றாம் படி: இரண்டு பத்தி நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் பழங்கதையில் உள்ளதை, வலப்பக்கம் நாவல் அதை என்ன செய்தது என்று எழுதிக்கொண்டே வாருங்கள்.

நாற்றங்காலில் பயிர் நெருக்கியடித்து நிற்கும். பறித்து, முடிச்சுக் கட்டி, வேறு வயலில் இடைவெளி விட்டு நட்டால்தான் அது தூர் கட்டும். பழங்கதையின் ஒவ்வொரு வரியும் நாற்றங்கால் பயிர். எந்த வரி எவ்வளவு தூர் விட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதற்குத்தான் இந்த நோட்டு.

என் நோட்டில் காற்றுக்கான பக்கம் நிரம்பி வழிந்தது. இடப்பக்கம் ஒரே வரி: ‘பாட்டுச் சொன்னாள், தொப்பி பறந்தது.’ வலப்பக்கத்திலோ, அந்த ஒரு வரியை விளக்க ஷானன் ஹேல் ஒரு உலகத்தையே கட்டியிருக்கிறார். அவருடைய உலகத்தில் மூன்று வகை வரங்கள் உண்டு. மனிதரிடம் பேசி மனதைத் திருப்பும் வரம், விலங்கு பறவைகளோடு பேசும் வரம், காற்று தீ போன்றவற்றின் மொழி அறியும் வரம். இளவரசி அனி பிறந்து மூன்று நாள் கண் திறக்காதவள். அத்தையிடம் அன்னங்களின் பேச்சைக் கற்கிறாள். குதிரைக்குட்டி பிறக்கும்போது அதன் நாவில் இருக்கும் பெயரைக் கேட்டுவிடுகிறாள், அதுதான் ஃபலாதா. பழங்கதையில் குதிரை ஏன் பேசியது என்ற கேள்விக்கு நாவலின் பதில்: குதிரை எல்லோரிடமும் பேசவில்லை, அவளுக்குக் கேட்டது.

இதை எழுதி முடித்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. இந்த எழுத்தாளரின் கால் தட்டியது தலை வெட்டப்பட்ட இடத்தில் அல்ல, தொப்பி பறந்த இடத்தில். ‘காற்று சொல் கேட்டது என்றால், அவள் காற்றிடம் என்ன சொன்னாள்?’ நாவல் முழுக்கவே அந்தக் கேள்விதான். நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். நீங்கள் வேறிடம் காட்டலாம், நோட்டில் ஆதாரம் இருந்தால் போதும்.

விட்டுப்போனதையும் எழுத மறக்காதீர்கள். பழங்கதையில் இருந்து நாவலில் இல்லாமல் போனது எது என்று பார்ப்பது, கூடியதைப் பார்ப்பதைவிடக் கடினம். அதற்காகத்தான் பழங்கதையை முதலில் வாசிக்கச் சொன்னேன்.

நான்காம் படி: வேகத்தைக் குறையுங்கள்

முதல் முறை வாசித்தபோது என் ஆங்கிலம் ஓட்டை. தெரியாத சொல்லை எல்லாம் தாண்டிக் கதையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அதில் தவறில்லை, அப்படித்தான் ஓட வேண்டும். இரண்டாம் முறை ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம், கையில் பென்சில். தெரியாத சொல் எல்லாவற்றுக்கும் அகராதி பார்க்காதீர்கள். ஒரே சொல் மூன்றாம் முறை எதிர்ப்பட்டால் மட்டும் பாருங்கள். அது எழுத்தாளருக்கு வேண்டிய சொல்.

பிடித்த ஒரு பத்தியைத் தமிழில் எழுதிப் பாருங்கள். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. நான் இதில் முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன். கூஸ் என்பது நம் வயலில் மேயும் வாத்து இல்லை. உருவத்தில் பெரியது, கழுத்து நீளம், கோபம் வந்தால் கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு கடிக்க வரும். தமிழில் நாம் இரண்டையும் வாத்து என்றே சொல்கிறோம். ‘அன்னம்’ என்று போட்டால் தமயந்திக்குத் தூது போன பறவை வந்து உட்கார்ந்துகொள்கிறது. கடைசியில் ‘பெரிய வாத்து’ என்றே எழுதினேன். ஆனால் அந்தத் தடுமாற்றம் வீண்போகவில்லை. நாவலிலும் அன்னத்தின் பேச்சு தெரிந்த அனிக்கு வாத்துகளின் பேச்சு உடனே வசப்படவில்லை. அரண்மனைக் குளத்துப் பறவைக்கும் பட்டிப் பறவைக்கும் மொழி வேறு. அவள் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

புத்தகம் கையில் இல்லாதவர்கள் நூலகத்தில் கேளுங்கள். இல்லை என்றால் வாங்கித் தரும்படி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போன நடமாடும் நூலகம் 1931-இல் தொடங்கியது எங்கள் மன்னார்குடியில்தான். அதற்குத் துணைநின்றவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது அதே ஆண்டில் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் ஒன்று. அந்த மண்ணில் இருந்துகொண்டு நூலகத்தில் கேட்கத் தயங்கக் கூடாது.

ஐந்தாம் படி: வேறு ஒருவரின் பின்னால் நடங்கள்

எனக்கு மிக முக்கியமான படி இதுதான். முதல் வாசிப்பில் நாம் கதாநாயகியின் தோளில் ஏறிக்கொண்டு போகிறோம். இரண்டாம் வாசிப்பில் இறங்கி, வேறு ஒருவரோடு நடக்க வேண்டும். உங்கள் முதல் தாளில் பெயர் இல்லாமல் எழுதிய ஆள் யார்? அவரைப் பிடியுங்கள்.

என் தாளில் அது ‘வேலைக்காரி’. நாவலில் அவள் பெயர் செலியா. அரண்மனைச் சாவிகளுக்குப் பொறுப்பான பெண்ணின் மகள். முதல் முறை இந்த விவரத்தை நான் கவனிக்கவே இல்லை. இரண்டாம் முறை அந்த வரியில் பென்சிலை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டின் எல்லா அறைச் சாவியும் அம்மாவின் இடுப்பில் தொங்குகிறது, அதில் ஓர் அறைகூட அவர்களுடையது இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பெண் செலியா. அவளுக்கு மனிதரைப் பேசிக் கவரும் வரமும் இருக்கிறது.

அண்ணன் மகளுக்கு வாசித்தபோது இந்த இடத்தில் அவள் கையை நீட்டிப் புத்தகத்தை மூடினாள்.

“அத்தை, நில்லுங்க. ராணிக்கும் அதே வரந்தான?”

“ஆமா.”

“ராணி பேசி எல்லாரையும் கேக்க வெச்சா அது ஆட்சி. செலியா பேசி கேக்க வெச்சா அது சூழ்ச்சியா?”

“செலியா ஆளைக் கொல்ல வைக்கிறா. காட்டுக்குள்ள காவலுக்கு வந்தவங்க செத்துப்போறாங்க. அது சின்ன விஷயமா?”

“அது தப்புதான். நான் அதைக் கேக்கல. அவ வாயைத் தொறந்து நேரா கேட்டிருந்தா, யாராவது குடுத்திருப்பாங்களா?”

நான் பதில் சொல்லவில்லை. என்னிடம் பதில் இல்லை. மூன்று முறை வாசித்தும் இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை, அவளுக்கு முதல் முறையிலேயே வந்துவிட்டது. செலியாவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவள் செய்தது கொலை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு பழங்கதையின் முடிவை எடுத்துப் பார்த்தால், தண்டனையை அவள் வாயாலேயே சொல்ல வைத்த இடம் வேறுமாதிரித் தெரிகிறது. கதை முழுக்க அவள் ஆயுதம் நாக்கு, கடைசியில் அந்த நாக்கே அவளைக் கொல்கிறது. பேச்சால் ஆளைத் திருப்பும் வரத்தை எழுத்தாளர் செலியாவுக்குக் கொடுத்தது இந்த இடத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பணிப்பெண்ணுக்குப் பிறகு, கூட மேய்த்த பிள்ளைகளோடு நடந்தேன். எனா, ராஸோ, கான்ராட். காட்டுப்பகுதிக் குடும்பங்களிலிருந்து நகரத்துக்குப் பிழைக்க வந்தவர்கள். அந்த நாட்டில் பையன் ஆண்மகன் ஆனான் என்பதற்கு ஈட்டியும் கேடயமும் கொடுக்கும் சடங்கு உண்டு. காட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் அது கிடையாது. பழங்கதையில் தொப்பி பறந்த பையன் ஒருவனைத் தவிர வேறு ஆளே இல்லை. நாவல் கூட்டிச் சேர்த்தவற்றில் என்னை அதிகம் தொட்டது இதுதான். இளவரசி ஒருநாள் அரண்மனைக்குத் திரும்பிவிடுவாள் என்று வாசகருக்குத் தெரியும். இவர்கள் மறுநாளும் பட்டிக்குத்தான் போக வேண்டும்.

நம் பக்கத்தில் இதை வாசிக்கும்போது தாண்டிப் போக முடியாத ஒன்று உண்டு. கடனுக்கு ஈடாக ஆட்டுக்கிடைக்கும் வாத்து மேய்க்கவும் அனுப்பப்பட்ட பிள்ளைகளை அதிகாரிகள் மீட்ட செய்திகள் டெல்டா மாவட்டங்களிலிருந்து பலமுறை வந்திருக்கின்றன. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்துவிட்டது. அதற்கு எத்தனையோ ஆண்டு கழித்தும் பத்து வயதுப் பையன் வரப்பில் கோலோடு நின்றிருக்கிறான். வாத்து மேய்ப்பது இளவரசிக்கு மாறுவேடம். அந்தப் பிள்ளைக்கு அது வேடம் இல்லை. உங்கள் நோட்டில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: கதாநாயகிக்குச் சோதனையாக வருவது, கதையில் வேறு யாருக்கு அன்றாடம்?

ஆறாம் படி: கதையில் உள்ள ஒன்றைக் கண்ணால் பாருங்கள்

நாவலில் வரும் ஏதாவது ஒரு வேலையை, ஒரு பொருளை, உங்கள் ஊரில் தேடிப் போய்ப் பாருங்கள். உறங்கும் அழகியின் கதையானால் நூல் நூற்பவரிடம் போகலாம். கண்ணாடிச் செருப்பானால் செருப்புத் தைப்பவரிடம் பத்து நிமிடம் உட்காரலாம். எனக்கு வேலை சுலபம், வாத்து வாசலுக்கே வந்திருந்தது.

வரப்பில் நின்றிருந்தவருக்கு அறுபது வயது இருக்கும். தோளில் ஈரத்துண்டு, கையில் ஆளைவிட உயரமான மூங்கில் கோல். அந்தக் கோலால் அவர் ஒரு வாத்தையும் அடிக்கவில்லை. கால் கட்டைவிரலால் சேற்றைக் கிளறி ஒரு கட்டி எடுத்து வீசினார். அது கூட்டத்தின் மேல் விழவில்லை, முன்னால் போன வாத்துக்கு இரண்டடி தள்ளி விழுந்தது. முன்வாத்து கழுத்தை வளைத்தது. பின்னால் இருந்த ஆயிரமும் வளைந்தன. தண்ணீர் தேங்கிய இடத்தில் அந்தத் திருப்பத்தின் சத்தம், துணியைக் கிழிப்பதுபோல ஒரு நீளமான சரசரப்பு.

“இவ்வளவையும் எப்படிங்கய்யா திருப்புறீங்க?” என்று கேட்டேன்.

“எல்லாத்தையும் திருப்ப முடியுமாம்மா? முன்னால போறது நாலஞ்சு. அதுக்குப் புரிஞ்சாப் போதும், மத்தது வந்துரும்.”

“பேர் வெச்சிருக்கீங்களா?”

“பேர் எதுக்கு? நான் வாயைத் தொறந்தா அதுக்குத் தெரியும், அது கத்துனா எனக்குத் தெரியும். ராத்திரி நரி வந்தா ஒரு சத்தம், நாய் வந்தா வேற சத்தம்.”

இருட்டியதும் வயலிலேயே வலையை வட்டமாகக் கட்டி வாத்துகளை உள்ளே விட்டுவிடுவாராம். விடிவதற்குள் முட்டை போட்டுவிடும், பொறுக்கிக்கொண்டு அடுத்த வயலுக்குக் கிளம்ப வேண்டியதுதான். வீட்டுக்கு வந்து நாவலில் அனி வாத்துகளோடு பழகும் அத்தியாயங்களைத் திரும்ப எடுத்தேன். முதல் முறை அவை மெதுவாக நகர்கிறதே என்று புரட்டித் தள்ளிய பக்கங்கள். நரிக்கு ஒரு சத்தம் நாய்க்கு ஒரு சத்தம் என்று கேட்டுவிட்டு வந்தபின், ஒரு பக்கத்தையும் தாண்ட முடியவில்லை. மாயக்கதை என்று நான் பெயர் வைத்திருந்ததில் பாதி, வரப்பில் நிற்பவருக்கு அன்றாட வேலை.

ஏழாம் படி: உங்கள் வீட்டுக் கதையைப் பக்கத்தில் வையுங்கள்

இரும்பு அடுப்பிடம் அழுத இளவரசியைப் படித்ததும் எனக்கு அப்பாயி சொன்ன கிழவி கதை வந்து நின்றது. உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். ஏ.கே. ராமானுஜன் தம்முடைய இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் தமிழ்க் கதையாக இதைச் சேர்த்திருக்கிறார். இரண்டு மகன், இரண்டு மருமகள், நாலு பேரும் கொடுமைப்படுத்துகிறார்கள். வெளியே சொல்ல ஆளில்லாமல் துக்கம் உள்ளேயே தங்கி, கிழவி பெருத்துக்கொண்டே போகிறாள். அதற்கும் கேலி பேசுகிறார்கள். ஒருநாள் கால்போன போக்கில் நடந்து, கூரை இல்லாத பாழ்வீட்டுக்குள் நுழைகிறாள். ஒரு சுவரிடம் மூத்தவன் செய்ததைச் சொல்கிறாள், சுவர் பாரம் தாங்காமல் இடிந்து விழுகிறது. அடுத்த சுவரிடம் அவன் பெண்டாட்டி செய்தது. இப்படி நான்கும் விழுந்து மண்ணாகிறது. கிழவி உடம்பு இளைத்து, மனசு லேசாகி வீடு திரும்புகிறாள்.

அப்பாயி சொல்லும்போது ஒவ்வொரு சுவருக்கும் தரையில் உள்ளங்கையால் ‘பொத்’ என்று தட்டுவார். எங்கள் தெருக்கோடியில் மழையில் கரைந்த குட்டிச்சுவர் ஒன்று இருந்தது. அந்த வீடுதான் இது என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜெர்மானியக் கதையில் அடுப்புக்கு வெளியே ஓர் அரசர் காதை வைத்திருக்கிறார். பேச்சு அவருக்குப் போய்ச் சேர்கிறது, நியாயம் கிடைக்கிறது. கிழவியின் கதையில் காது கொடுக்க அரசர் இல்லை. மகன்கள் திருந்தினார்களா என்று கதை கவலைப்படவே இல்லை. அவள் பாரம் இறங்கியது, அவ்வளவுதான். எது மேல் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கிழவியைத் தெரிந்திருந்ததால்தான் நாவலில் ஒன்றைக் கவனித்தேன். நகரத்துக்கு வந்தபின் அனி தன் உண்மையை நம்பிச் சொல்வது எனா என்னும் தோழியிடம். கூடவே வேலை பார்க்கும், ஒரே சோற்றைப் பகிரும் ஒரு பெண்ணிடம். அடுப்பும் சுவரும் இருந்த இடத்தில் எழுத்தாளர் ஒரு தோழியை உட்கார வைத்திருக்கிறார். அந்த அத்தியாயத்தை அண்ணன் மகளுக்கு வாசித்த அன்று, என் குரல் கொஞ்சம் உடைந்தது.

உங்களுக்கு வேறு கதை தோன்றலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் பழங்கதையைத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள், பாதியில் நிறுத்திவிட்டு, ‘இதுமாதிரி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?’ என்று கேளுங்கள். புத்தகத்தை நீட்டினால் கண்ணாடியைத் தேடுவார்கள், கதையைச் சொன்னால் பதிலுக்குக் கதை வரும். வந்ததை அன்றைக்கே எழுதிவிடுங்கள். அப்பாயி சொன்ன முறையில் அந்தக் கிழவியை நான் எழுதிவைக்கவில்லை, இப்போது என்னிடம் மிச்சமிருப்பது அந்த உள்ளங்கைச் சத்தம் மட்டுமே.

கடைசியாக: அந்தத் தாள்

வாசித்து முடித்த அன்றே எதுவும் எழுத வேண்டாம். ஒரு வாரம் போகட்டும். பிறகு முதல் படியில் எழுதிய தாளை எடுத்து, பக்கத்தில் புதுத் தாளில், புத்தகத்தைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். என் இரண்டாம் தாளில் குதிரைத் தலை நான்காம் வரிக்குப் போய்விட்டது. முதல் வரியில் சாவிக்கொத்து வந்திருந்தது.

இரண்டு தாளிலும் தேதி போட்டு, மடித்து, புத்தகத்தின் பின்னட்டைக்குள் வையுங்கள். அடுத்த வாசிப்பை உடனே தொடங்காதீர்கள், இரண்டு மூன்று ஆண்டாவது இடைவெளி விடுங்கள். காலம் உங்கள் வசதி. நான் தை, மாசியில் வைத்துக்கொள்கிறேன். ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை மூடுவது வழக்கம், அதற்குப் பிறகு ஆற்றில் தண்ணீர் குறைந்து ஊரில் வேலையும் அடங்கும், வாத்தும் வந்துவிடும்.

என் புத்தகத்தில் இப்போது நான்கு தாள்கள் இருக்கின்றன. நான்காவது அண்ணன் மகளுடையது. அதை நான் இன்னும் பிரிக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அவளே வந்து பிரிப்பதாகச் சொல்லி, ஓரத்தில் சோற்றுப்பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறாள்.